எங்களுக்குப் பிறகு யார் கையெழுத்துப் போடுவது?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலையேறினால் போனக்காடு வரும். அகஸ்தியர்கூட யாத்திரை போய்வந்த உறுப்பினர்களுக்கு இவ்வூர் தெரிந்திருக்கும். கால்நடையாக ஏறத் தொடங்குவது இங்கிருந்துதான். தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்களின் சந்ததியினர் லயங்களில் வசிக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

அந்த லயம் ஒன்றில் மனவளர்ச்சி குன்றிய முப்பது வயது மகனுடன் ஒரு தாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாம்பலத்திலோ மாதுங்காவிலோ அதே வயதில் அப்படியொரு மகளை வைத்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தகப்பனாருக்கும் அவளுக்கும் கவலை ஒன்றுதான்: எங்களுக்குப் பிறகு யார்? சோறு போட யாராவது இருப்பார்கள். வங்கியில், பென்ஷன் ஆபீஸில், சார்பதிவாளர் முன்னிலையில் அந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை? குழந்தைக்கு 18 வயது நிரம்பியதும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. பலருக்கு இது வங்கியில் சொன்ன பிறகே தெரியவருகிறது.

மைனருக்குக் கார்டியன் என்பது நமக்குப் பழகிய விஷயம்தான். திருவிதாங்கூர் ராஜ்யமே இருமுறை அப்படி இருந்திருக்கிறது. 1815இல் ராணி கௌரி லக்ஷ்மி பாய் மறைந்தபோது ஸ்வாதித் திருநாளுக்கு இரண்டு வயதுதான். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் 1829 வரை ரீஜண்டாக ஆண்டு, பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைத்தார். மறுபடி 1924 முதல் 1931 வரை, சித்திரைத் திருநாளுக்காக ஸேது லக்ஷ்மி பாய் ரீஜண்டாக இருந்தார். இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் ஒரு முடிவு இருந்தது, பிள்ளை வளர்ந்துவிடும். மற்ற மைனர்களுக்காகப் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்த 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டமும் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டதுதான்.

வயது ஏறியும் வளராத மனதுக்கு என்ன வழி? 1858இலும் பிறகு 1912இலும் வந்த சட்டங்கள் அவர்களைப் பைத்தியம் பிடித்தவர்களோடு ஒரே பெயரில் சேர்த்துவிட்டன. மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு, விசாரணை நடந்து, 'இவன் சித்த சுவாதீனம் அற்றவன்' என்று தீர்ப்பாக வேண்டும். பெற்ற மகனைப் பற்றித் தாயே அப்படி மனு எழுதித் தர வேண்டும். சொத்து உள்ள குடும்பங்கள்கூடத் தயங்கியதில் வியப்பில்லை.

1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைவு வேறு என்று அது பிரித்தது. மருத்துவப்படி அது முற்றிலும் சரி. ஆனால் பிரித்தவர்கள், வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வேறு கதவு வைக்க மறந்துவிட்டார்கள். பழைய சட்டம் போய்விட்டது, புதிய சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. நல்லெண்ணத்தில் செய்த திருத்தத்தால் ஆயிரக்கணக்கான பெற்றோர் முன்னைவிடத் திக்கற்று நின்ற காலம் அது.

அந்தக் கதவு 1999இல்தான் தேசிய அறக்கட்டளைச் சட்டமாகத் திறந்தது. ஆட்டிஸம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்கும் அதில் அடங்கும். முக்கியமான மாறுதல், கோர்ட் போக வேண்டாம் என்பது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி ஒருவர், ஊனமுற்ற ஒருவர் கொண்ட உள்ளூர்க் குழு விண்ணப்பத்தைப் பரிசீலித்துக் காப்பாளரை நியமிக்கும். போனக்காட்டுத் தாய் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல் வைத்து வாய்தாவுக்கு அலைவதற்குப் பதில், குடப்பனக்குன்னு கலெக்டரேட்டில் மனுக் கொடுக்கலாம். பஸ் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். செலவும் பயமும் ஒன்றல்ல.

நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் வார்டின் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். தவறினாலோ பராமரிப்பில் குறை இருந்தாலோ குழு அவரை நீக்கலாம். இந்தக் குழுவின் சான்றிதழை நம்பிக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இல் வங்கிகளுக்கு எழுதியது. எட்டு வருடம் கழித்து என்றாலும் எழுதியதே!

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பாளர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. 'அமெரிக்காவில் அண்ணா இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்' என்று இருக்கும் வீடுகளில், அண்ணா அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டானா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெற்றோர் இருக்கும்போதே மனுச் செய்தால், மாற்று ஆளைத் தேடவும் அவகாசம் இருக்கும்.

நேற்றுவரை ஆபீஸ் போய்வந்தவர் பக்கவாதத்திலோ விபத்திலோ நினைவிழந்து படுத்துவிட்டால்? அவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. மனைவியின் பெயர் இல்லாத கணக்கில் பணம் கிடக்கும். மருத்துவமனை பில் ஏறிக்கொண்டே போகும். இப்படி வந்த மனுக்களில்தான் 2019 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம், திக்கற்றவருக்கு அரசே தாய் தகப்பன் என்ற பழைய கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, சட்டம் வரும்வரை தானே நெறிமுறை வகுத்தது. நரம்பியல் நிபுணர் உள்ள மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விவரங்களைச் சரிபார்க்க வேண்டும், காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்நீதிமன்றப் பதிவாளருக்கு அறிக்கை தர வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்திலும் 2024இல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க மனைவிக்கு அனுமதி கிடைத்தது. தனி நீதிபதி மறுத்து, அப்பீலில்தான் கிடைத்தது.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறொரு பாதை போட்டிருக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அவரையும் கலந்துகொண்டு முடிவெடுக்கும் வரையறுத்த காப்பாளர். பிள்ளையை அடியோடு செல்லாக்காசாக்காத ஏற்பாடு இது என்பது என் எண்ணம்.

அதையடுத்து 2018இல் அமலுக்கு வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 1987இன் சட்டத்தை ரத்து செய்தது. சிகிச்சை விஷயத்தில் துணை நிற்க நியமனப் பிரதிநிதியை அது தருகிறது. சொத்தை நிர்வகிக்கக் காப்பாளர் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முன்பு மனவளர்ச்சி குன்றியோரின் பெற்றோர் நின்ற இடத்தில் இப்போது தீராத மனநோயாளியின் பெற்றோர் பலர் நிற்கிறார்கள். அவர்களும் உயர்நீதிமன்றத்தைத்தான் நாடுகிறார்கள். போனக்காட்டிலிருந்து என்றால் எர்ணாகுளம் வரை போக வேண்டும்.