அறுந்த இழை மட்டும் பேசட்டும்

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கிளறும்போது ஒரு பில்ட் லாக் கிடைத்தது. நாலாயிரத்துச் சொச்சம் வரி. எழுதிய நிரலை கம்பைலர் வழியாக ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலைதான் பில்ட். அப்போது திரையில் ஓடுகிற செய்திகளின் பதிவு இது. முதல் வேலையில், புது 64 பிட் கணினிக்கு மாற்றியதும் எங்கள் நிரல் விழுந்துகொண்டே இருந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆச்சு. ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைத்திருந்தேன். அது முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று சி கம்பைலர் தானாக வைத்துக்கொண்டது. பழைய கணினியில் முகவரிக்கும் எண்ணுக்கும் ஒரே அளவு, 4 பைட்; தப்பித்தோம். புதியதில் முகவரி 8 பைட். பாதி வெட்டுப்பட்டுப் போனது.

வேடிக்கை என்னன்னா, கம்பைலர் முதல் நாளே எச்சரித்திருக்கிறது. அந்த நாலாயிரம் வரிக்கு நடுவில், ஒரே ஒரு வரியில். குறை என் கண்ணிலா, அந்தக் கூச்சலிலா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் பல முனையங்கள் திரைகள் அல்ல, காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்புகள். மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு எட்டு நொடி! சொல்ல ஒன்றுமில்லை என்றால் நிரல் வாயைத் திறக்கக் கூடாது என்ற யூனிக்ஸ் பழக்கம் அந்தச் சூழலுக்கு நன்றாகவே பொருந்தியது.

1976-ல் அதே ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' கருவியை எழுதினார். எந்தக் கோப்பு மாறியதோ அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் அது கொஞ்சம் வாயாடி: ஓட்டுகிற ஒவ்வொரு கட்டளையையும் முதலில் அச்சிட்டுவிடும். வேண்டாமென்றால் கட்டளைக்கு முன்னால் @ குறி போட வேண்டும். பத்துக் கோப்புக்கு இது சரி. லினக்ஸ் கெர்னல் மாதிரி ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தபோது, கோப்புக்கு நாலைந்து வரி என்று கட்டளைகள் மட்டுமே திரையை அடைத்துக்கொண்டன.

2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6-ல் இது மாறியிருந்தது. கோப்புக்கு ஒரே வரி: 'சிசி' என்று போட்டு, பக்கத்தில் கோப்பின் பெயர். முழுக் கட்டளையும் வேண்டுமா? 'வி=1' என்று கேளுங்கள், கொட்டும். 2009-ல் ஆட்டோமேக் 1.11-ம் இந்த வசதியைக் கொடுத்தது. 2011-ல் குரோம் உலாவிக்காக எவன் மார்ட்டின் வெளியிட்ட 'நிஞ்ஜா' இன்னும் ஒரு படி மேலே போனது. திரையில் ஒரே ஒரு வரி, அதுவும் தன்மேல் தானே மாறிக்கொண்டிருக்கும். கம்பைலர் ஏதாவது சொன்னால் மட்டுமே அது கீழே இறங்கும்.

அப்போ எல்லாத்தையும் அடக்கிவிடலாமா? டெபியன்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய பில்ட் இயந்திரங்களின் முன் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பின்னால் லாகை மட்டும்தான் படிக்கிறார்கள். பாதுகாப்புக்கான கம்பைலர் தேர்வுகள் உண்மையில் போய்ச் சேர்ந்தனவா என்பது முழுக் கட்டளையைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பொதிகளின் பில்ட் இயன்றவரை விரிவாகப் பேச வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இரண்டு தரப்பும் சரிதான். திரை மனிதனுக்கு, லாக் விசாரணைக்கு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் பழைய தப்பு.

இதை முதலில் எனக்குப் புரியவைத்தது கணினிப் புத்தகம் இல்லை. எங்க முதலியார்பேட்டையில் கடலூர் சாலையில் இருந்த ஏ.எஃப்.டி. மில்லில் அப்பா தறி ஓட்டினார். 2020-ல் அந்த மில்லை மூடிவிட்டார்கள். என் இரண்டு நாள் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "பாவுல ஆயிரக்கணக்குல இழை இருக்கும்பா. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? ஒவ்வொரு இழையிலயும் ஒரு சின்னத் தகடு தொங்கும். இழை அறுந்தா தகடு விழும், தறி நின்னுடும். நல்லா இருக்கற இழையெல்லாம் 'நான் நல்லா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டா இருக்கும்?"

அமெரிக்காவின் நார்த்ராப் தானியங்கித் தறியில் 1890-களிலேயே வந்துவிட்ட ஏற்பாடு இது. அறுந்தது என்று அறிவிப்பதோடு அது விடுவதில்லை, தறியையே நிறுத்திவிடும். கம்பைலர் உலகம் அங்கே வந்துசேர நாளாயிற்று. அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கும் வழக்கத்தை சி மொழியின் 1999 தரநிலையே நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி வெறும் எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தது. 2024-ல் வந்த ஜிசிசி 14-ல்தான் அது பிழையானது. பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

என் பழைய நிரலை நேற்று அதில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கோப்பிலேயே நின்றது. திரையில் எட்டே வரி. இரண்டு நாள் தேடியது இரண்டாவது வரியில் இருந்தது.