இரவு 10 முதல் காலை 5 வரை

நாகமலை புதுக்கோட்டையில் விடியுமுன்னே நடக்கக் கிளம்பும் பெண்களைப் பார்க்கலாம். தேனி சாலையிலும் மலையடிவாரத் தெருக்களிலும் நாலைந்து பேராகப் போவார்கள். எடையைக் குறைக்க டாக்டர் சொல்லியிருப்பார். ஆறு மணிக்குள் திரும்பி உலை வைக்க வேண்டும் என்பதால், நடைக்கான நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது. மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தாலோ, "பகல்ல படுத்தா உடம்பு போடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு மருத்துவ ஆலோசனைபோல இருந்தாலும், தூங்குகிற பெண்ணின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அது.

தீர்ப்பு பழையது. மனைவி வாசுகி இறந்தபோது வள்ளுவர் பாடியதாக வழங்கிவரும் தனிப்பாடல், கணவன் உறங்கிய பிறகு உறங்கி அவன் எழுமுன் எழுந்தவள் என்று அவளைப் புகழ்கிறது. பாடியது வள்ளுவர்தானா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். குறைவாகத் தூங்குவதே நல்ல மனைவிக்கு இலக்கணம் என்று தலைமுறை தலைமுறையாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பெண்ணின் இரவைப் பற்றி அரசு பேசத் தொடங்கியது ஆலைகள் வந்த பிறகு. 1891ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலையை நாளுக்கு 11 மணி நேரம் என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டே மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே ஹார்வி மில் எழுந்தது. ஆலைச் சங்குக்கு முன்பும் பின்பும் அந்தப் பெண்கள் செய்த சமையலும் தண்ணீர் சுமத்தலும் பதினொன்றில் சேரவில்லை. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பெண்களின் இரவு வேலைக்கு எதிராக உடன்படிக்கை செய்தது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 முதல் மாலை 7 வரைதான் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாம் என்றது. மாநில அரசு இதைத் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்தத் தளர்வும் கூடாது.

அந்த ஏழு மணி நேரத்தைப் பாதுகாப்பு என்றார்கள். எதற்குப் பாதுகாப்பு? அந்நேரத்தில் பெண் இயந்திரத்தின் முன் நிற்கக் கூடாது என்று சொன்ன சட்டம், அவள் தூங்குகிறாளா என்று கேட்கவில்லை. பத்தரை மணிக்குப் பாத்திரம் கழுவுபவளும் நான்கு மணிக்குக் குழாயடியில் நிற்பவளும் சட்டத்தின் கண்ணுக்கு ஓய்வில் இருந்தார்கள். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளுக்கோ, பெண்களை வேலைக்கு எடுக்காமலிருக்க இது நல்ல சாக்கானது. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிப்பவர்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும். இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அவர்களுடைய வேலை நேரம் மாறவில்லை.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரவுத் தடையைச் சமத்துவத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. போக்குவரத்து, ஓய்வறை போன்ற நிபந்தனைகளோடு, பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாறும் பெண்ணுக்கு 12 மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் சொன்னது. ஆலை இடைவெளி கொடுத்தாலும், அதில் எவ்வளவு தூக்கமாகும் என்பதை வீடுதான் முடிவு செய்தது.

தூக்கத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை ஆய்வகம் தீவிரமாகத் தேடியதும் இதே காலத்தில்தான். 2004இல் வெளியான சிகாகோ ஆய்வொன்றில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டபோது, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. பெரிதாகப் பேசப்பட்ட ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் 12 பேர். அத்தனை பேரும் இளைஞர்கள், ஆண்கள்.

பெண்கள் கணக்கில் வந்தது 2006இல். அமெரிக்கச் செவிலியர்கள் 68,183 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்கள், ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சராசரியாக 1.14 கிலோ கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். சிறிய வித்தியாசம்தான்; தூக்கக் குறைவுதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் எனக்கு எடையைவிட முக்கியமாகப் படுவது வேறு. குறைவாகத் தூங்கிய அந்தப் பெண்கள் அதிகம் சாப்பிடவில்லை. சற்றுக் குறைவாகவே சாப்பிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. உடற்பயிற்சியிலும் வித்தியாசத்தை விளக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. "வாயைக் கட்டு" என்று பெண்ணிடம் சொல்லும் டாக்டர்களும் மாமியார்களும் இந்த ஆய்வைப் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்களின் விகிதம், தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி, 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. அரிசி, எண்ணெய், உட்கார்ந்த வேலை எல்லாம் இதில் உண்டு; முழுப் பழியையும் தூக்கத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் எந்த மருத்துவமனையில் எடை மெஷினில் ஏறி இறங்கியவளிடம், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்கிறார்கள்? 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் ஐந்தரை மணி நேரமே தூங்கினார்கள். வெக்கை, கொசு, சத்தம். உதவிகள் செய்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலையில் மாற்றம் தெரியவில்லை. மதியம் அரை மணி நேரம் தூங்கவிட்டபோது வேலைத் திறனும் மனநிலையும் மேம்பட்டன. அந்த அரை மணி நேரத்தை அவர்கள் தூங்கியது வீட்டில் அல்ல. அலுவலகத்தில், அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில்.