வலியும் துன்பமும்: இந்தியத் தொழுநோய் மருத்துவ வரலாற்றிலிருந்து ஓர் இறையியல் கேள்வி

கிறித்தவ நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கலீலியோவிலும் டார்வினிலும் சென்று நின்றுவிடுகின்றன. அன்புள்ள கடவுளின் படைப்பில் வலி ஏன் என்னும் பழைய கேள்வியை அறிவியல் எவ்வாறு தொட்டது என்பதற்கு இந்தியத் தொழுநோய் மருத்துவ வரலாறு வேறொரு சான்றைத் தருகிறது.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அம்பாலாவில் நோயாளரின் நிலையைக் கண்டிருந்த வெல்லெஸ்லி பெய்லி, 1874இல் தொழுநோயாளருக்கான மிஷனைத் தொடங்கினார். ஆயினும் தொற்று பற்றிய அறிவு அச்சத்தையும் வளர்த்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் வறிய நோயாளரைப் பிடித்துத் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளித்தது. மிஷன் காப்பகங்களிலும் ஆண்களும் பெண்களும் பிரித்து வைக்கப்பட்டனர். நோயற்ற குழந்தைகள் பெற்றோரிடமிருந்து விலக்கப்பட்டனர். இரக்கமும் ஒடுக்குதலும் ஒரே வளாகத்தினுள் வாழ்ந்தன.

இப்பின்னணியில்தான் பால் பிராண்டின் ஆய்வை வைத்துப் பார்க்க வேண்டும். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய்க் காப்பகத்தில் ராபர்ட் காக்ரேனுடன் நோயாளரைக் கண்டபின், மடங்கிப்போன விரல்களை ஆராயத் தொடங்கினார். சதையே அழுகி விரல்கள் உதிர்வதாக அன்று பரவலாக நம்பப்பட்டது. கிருமி நரம்பைத் தாக்குவதால் வலியுணர்வு அற்றுப்போகிறது. அதனால் கவனிக்கப்படாத தீப்புண்ணும் காயமுமே உறுப்பைச் சிதைக்கின்றன என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் காட்டினர். உறக்கத்தில் எலிகள் விரலைக் கடித்தும் சிலர் அறியவில்லை. அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. செயலிழக்காத தசையின் தசைநாணை இடம்மாற்றி விரல்களை மீண்டும் இயங்கச் செய்யவும் முடிந்தது.

உணர்விழந்தவர்கள் தம் கையைத் தம்முடையதாகவே கருதாமல் ஒரு கருவியைப்போலக் கையாண்டதை பிராண்ட் கவனித்தார். 'நான்' என்னும் உணர்வின் எல்லையை வரைவதில் வலிக்கும் பங்குண்டு என்பது மனித இயல்பு குறித்து அவர் பெற்ற பாடம். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், ஆபத்தை உணர்த்தும் செயற்கை வலிக்கருவியை உருவாக்க முயன்றார். எச்சரிக்கை தொல்லையானபோது நோயாளர் அதை நிறுத்திவிட்டனர்; முயற்சி கைவிடப்பட்டது. நிறுத்த முடியாமையே வலியின் பயன் என்று கண்ட அவர், வலியைக் கடவுளின் கொடை என்றார்.

இம்முடிவை எங்கும் விரித்துரைக்கலாகாது. புற்றுநோயின் இறுதிக்கட்ட வலி எதையும் காப்பதில்லை. மேலும், வலியும் துன்பமும் ஒன்றல்ல. வேலூரில் கை சீரான சிலர், இனிப் பிச்சைகூடக் கிடைப்பதில்லை என்று திரும்பி வந்து முறையிட்டனர். வேலை தருவாரும் இல்லை. உடலில் வலியற்ற அம்மனிதர்கள் சமூகத்தால் துன்புற்றனர். அறுவையோடு மருத்துவம் முடியவில்லை. அவர்களுக்குத் தொழில் கற்பிக்க வேண்டியதாயிற்று.

1982இல் உலக நலவாழ்வு அமைப்பு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. ஆனால் இந்தியக் கிறித்தவருக்கான விவாகரத்துச் சட்டத்தில், 'குணப்படுத்த இயலாத' தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணமாக 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இடம்பெற்றது. அது நீக்கப்பட்டது 2019இல்தான்.

வலியின் பொருளை விளக்குவதில் நம்பிக்கையும் அறிவியலும் கைகோத்தன. மனிதர் மனிதருக்கு இழைத்த துன்பத்தைக் கடவுளின் கொடை என்று சொல்ல இரண்டிற்கும் உரிமையில்லை. அதற்கு வேண்டியது விளக்கமன்று, நீதி.