பறையும் யாழும்: இசையின் தோற்றம் குறித்த ஆய்வில் தமிழ்ச் சான்றுகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மனித இனத்தின் கூட்டு வாழ்வை வளர்த்த ஆற்றல்களுள் இசையும் ஒன்று என்பது பரிணாம ஆய்வாளர் பலரின் கருத்தாகும். தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் இசையைத் தொழில், சடங்கு, காவல் ஆகியவற்றோடு இணைத்தே காட்டுகின்றன. எனினும் தமிழிசை வரலாற்றாய்வில் பண்ணும் சுருதியும் பெற்ற கவனத்தைப் பறையும் தொழிற்பாட்டும் பெறவில்லை. அக்குறையின் காரணங்களையும் அதனால் நேர்ந்த இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பறை, யாழ், கருப்பொருள், தொழிற்பாடல், இசையின் தோற்றம்

முன்னுரை

இசை எவ்வாறு தோன்றியது என்னும் வினா 19ஆம் நூற்றாண்டில் அறிவியல் வினாவாக வடிவெடுத்தது. உணர்ச்சி மிகுந்த பேச்சே இசையாக வளர்ந்தது என 1857இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதினார். சார்லஸ் டார்வின் 1871இல் இதனை மறுத்து, பேச்சுக்கு முன்பே துணையை ஈர்க்கும் பொருட்டு மனித மூதாதையர் இசையொலிகளைக் கையாண்டிருக்க வேண்டும் என்றார். இசை இன்பம் தருவதேயன்றி உயிர்வாழ்வுக்கு உதவும் தகவமைப்பு அன்று என 1997இல் ஸ்டீவன் பிங்கர் வாதிட்டார். 2021இல் ஒரே ஆய்விதழில் இரு விளக்கங்கள் எதிரெதிராக முன்வைக்கப்பட்டன. குழுவினரைப் பிணைப்பதே இசையின் அடிப்படைப் பணி என்பது ஒன்று. குழுவின் வலிமையைப் பிறருக்கு அறிவிப்பதும் குழந்தைக்குத் தாயின் கவனத்தை உணர்த்துவதுமே அதன் தொடக்கம் என்பது மற்றொன்று.

இவ்விவாதத்தில் தமிழ்ச் சான்றுகள் எவ்வாறு பயன்படும்? சங்க இலக்கியத்தின் காலம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். மனிதப் பரிணாமத்தின் கால அளவில் அது மிகச் சிறிது. எனவே இசையின் தோற்றத்துக்கு அது நேர்ச் சான்றாகாது. ஆனால் ஒரு சமூகம் இசையின் பயன்களைத் தானே எவ்வாறு வகுத்துக்கொண்டது என்பதற்கு அது விரிவான சான்றாகும்.

கருப்பொருளாக இசை

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறை, தொழில், யாழ் ஆகியவற்றையும் சேர்க்கிறது. நிலத்தில் விளையும் உணவு அந்நிலத்துக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு உரியதாக இசையும் கருதப்பட்டது என்பது இதன் பொருள். பறையும் யாழும் ஒரே தொகுப்பில் நிகராக வைக்கப்பட்டுள்ளமையும் கருதத்தக்கது.

பிற்கால இலக்கண மரபு திணைதோறும் கூறும் பறைப் பெயர்கள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்பன அவை. ஏற்றினைப் பிடித்தல், நெல்லரிதல், மீன் பிடித்தல் என்னும் செயல்களே பறைகளுக்குப் பெயராயின. பலர் கூடி ஒரே நேரத்தில் உடலை இயக்க வேண்டிய தொழில்களோடு தாளக் கருவிகள் இணைக்கப்பட்டுள்ளன. கூட்டுச் செயலை ஒழுங்குபடுத்துவது தாளத்தின் தொன்மையான பணி என்னும் கருத்துக்கு இப்பெயர்கள் அரண் செய்கின்றன.

சங்கப் பாடல்களில் இசையின் பணிகள்

பெண்கள் உலக்கை குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டைக் குறுந்தொகை 89ஆம் பாடல் காட்டுகிறது. விழுப்புண்பட்ட மறவனைக் காக்க, மனையில் வேப்பிலை செருகி, யாழும் பல்லியமும் ஒலிக்கக் காஞ்சி பாடப்படுவதைப் புறநானூறு 281 கூறுகிறது. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைப் புறநானூறு 194 காட்டுகிறது. தினைப்புனம் காக்கும் கொடிச்சி பாடிய குறிஞ்சியைக் கேட்ட யானை தினையுண்ண மறந்து உறங்கியதை அகநானூறு 102 சொல்கிறது. வழிப்பறி செய்வோரும் பாலைப்பண் கேட்டுப் படைக்கலம் நழுவவிடுவர் என்கிறது பொருநராற்றுப்படை.

இவை கவிதைக் கூற்றுகளே. யானை உறங்கியதை நிகழ்ந்த செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. புலவரும் கேட்போரும் இசைக்கு அத்தகைய ஆற்றல் உண்டெனக் கொண்டனர் என்பதே வரலாற்றாசிரியர்க்கு வேண்டிய செய்தி. உழைப்பு, நோய்க்காப்பு, மணம், இறப்பு, பகை தணித்தல் என வாழ்வின் இன்றியமையாத தருணங்கள் அனைத்திலும் இசை இடம்பெறுகிறது. பொழுதுபோக்கு அவற்றுள் ஒன்று மட்டுமே.

குடிகளின் நிலைமாற்றம்

துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடியில்லை என்னும் கருத்து, மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 335இல் இடம்பெறுகிறது. இவற்றுள் முதல் மூன்றும் இசையால் பெற்ற பெயர்கள். ஒரு சமூகத்தின் அடிப்படைக் குடிகளாக இசைக் குடிகள் எண்ணப்பட்ட நிலையை இப்பாடல் காட்டுகிறது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை முற்றிலும் மாறிவிட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. அதே கோயிலின் பிற கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களை எண்ணும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியே குறிக்கின்றன. இசையில் ஒரு பகுதி கோயிலுக்குள் நிலைபெற, மற்றொரு பகுதிக்கு உரியோர் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தனர்.

ஆய்வு வரலாற்றில் நேர்ந்த சாய்வு

ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917) சுருதிக் கணக்கைத் தமிழ் நூல்களின் வழி நிறுவ முயன்றது. விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' (1947) மறைந்த யாழ்களை இலக்கியச் சான்றும் கணிதமும் கொண்டு மீட்டது. 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடத்துக்காகப் பாடுபட்டது. தமிழிசையின் தொன்மையே மறுக்கப்பட்ட சூழலில் இவை இன்றியமையாத பணிகள். ஆயினும் தொன்மையை நிறுவும் சான்றாகப் பண்ணும் சுருதியுமே கொள்ளப்பட்டதால், பறை இசை வரலாற்றின் புறத்தே நின்றது.

இச்சாய்வுக்குச் சான்றுகளின் இயல்பும் ஒரு காரணம். ஜெர்மனியின் ஹோலெ ஃபெல்ஸ் குகையில் 2008இல் கிடைத்த, பிணந்தின்னிக் கழுகின் எலும்பாலான ஐந்துதுளைக் குழல் 35,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எலும்பு நிலைத்தது, அதே காலத்தில் தோற்கருவிகள் இருந்திருப்பினும் அவை மட்கியிருக்கும். தமிழ்நாட்டிலும் எழுத்தில் வகுக்கப்பட்ட பண் நிலைத்தது. வயலிலும் இழவு வீட்டிலும் ஒலித்த தாளம் எழுதப்படவில்லை. எஞ்சியதையே முழுமையெனக் கொள்ளும் பிழை இரண்டிடத்தும் ஒன்றே.

தொழிற்பாடல்கள் அச்சேறியதும் பிற்காலத்திலேதான். கி.வா. ஜகந்நாதனின் 'மலையருவி' 1958இலும் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இலும் வெளிவந்தன. இவை பெரும்பாலும் இலக்கியமாகவே படிக்கப்பட்டன. பாடலோடு இணைந்த உடலசைவும் தாளமும் இசையியல் நோக்கில் போதிய அளவு ஆராயப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலித் இயக்கங்கள் பறையை இழிவின் அடையாளத்திலிருந்து மீட்டு விடுதலைக் கலையாக மேடையேற்றின. ஆய்வுலகம் செய்யத் தவறியதைச் சமூக இயக்கம் தொடங்கிவைத்தது.

முடிவுரை

இசையின் தோற்றம் குறித்து இன்று பேசப்படும் கூட்டுழைப்பு, தாலாட்டு, குழு அறிவிப்பு, துயர்ப் பகிர்வு ஆகிய அனைத்துக்கும் தமிழில் இலக்கியச் சான்றும் வாழும் மரபும் உண்டு. நடவுப்பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, பறையடவு ஆகியவற்றை ஒலி, அசைவு, சூழல் ஆகிய மூன்றோடும் பதிவுசெய்தல் உடனடித் தேவையாகும். இயந்திர நடவும் அறுவடையும் பரவிய ஊர்களில் தொழிற்பாடல்கள், அவற்றைப் பாடிய தலைமுறையோடு மறைந்துவருகின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பேணிவரும் பாட்டுப் புத்தகங்களை இக்களப் பதிவுகளோடு ஒப்பிட்டால், வாய்மொழிக்கும் அச்சுக்கும் இடையே பாடல்கள் பெற்ற மாற்றங்கள் புலப்படும். பறையையும் யாழையும் ஒரே தொகுப்பில் வைத்த தொல்காப்பிய நெறியைப் பின்பற்றி எழுதப்படும் இசை வரலாறே தமிழர் அனைவரின் இசை வரலாறாகும். மனித இசையின் தோற்றம் பற்றிய உலக ஆய்வுக்கும் அதுவே தமிழின் பங்களிப்பாக அமையும்.