நம்பிக்கையின் எல்லையும் பழக்கத்தின் வலிமையும்: மருந்துப்போலி ஆய்வுகளை முன்வைத்து

முன்னுரை

நோயுற்றவரைப் பார்க்கப் போகிறவர் ‘தைரியமாக இருங்கள், பாதி நோய் பறந்துவிடும்’ என்று சொல்லாமல் திரும்புவதில்லை. ஆய்வகச் சோதனையில் தென்படாத துன்பத்தை ‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒதுக்குவதும் நம்மிடையே உண்டு. முதல் தரப்பு மனத்துக்கு எல்லா ஆற்றலையும் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் தரப்பு எதையும் கொடுக்க மறுக்கிறது. எண்ணம் உடலில் எதை மாற்றுகிறது, எந்த வழியாக மாற்றுகிறது என்று இருவருமே கேட்பதில்லை.

வலி, குமட்டல், மூச்சுத்திணறல் போன்று உணரப்படும் துன்பத்தை நம்பிக்கை நேரடியாகவே மாற்றுகிறது. உறுப்பில் ஏற்பட்டுவிட்ட பழுதை அது பெரும்பாலும் நேரடியாகத் தொடுவதில்லை. அன்றாடப் பழக்கத்தின் வழியாகவே அதைச் சென்றடைகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

உணர்வில் நிகழும் மாற்றம்

மருந்துச்சத்து எதுவும் இல்லாமல், மருந்தைப் போன்ற தோற்றம் மட்டும் கொண்டது மருந்துப்போலி. ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு 1978இல் வெளியானது. மருந்துப்போலியால் வலி தணிந்தவர்களுக்கு நலாக்சோன் செலுத்தியதும் வலி மீண்டும் கூடியது. நலாக்சோன், மார்ஃபின் வகைப் பொருள்களின் செயலைத் தடுக்கும் மருந்து. அப்படியானால் அவர்கள் வலி குறைந்ததாகச் சொன்னது மருத்துவரின் மனம் கோணாதிருக்கச் சொன்னதன்று. உடல் தானே சுரந்த, மார்ஃபினைப் போன்ற எண்டார்ஃபின்கள் அங்கே வேலை செய்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், அந்நோயில் குறைந்துபோகும் டோபமைனை மருந்துப்போலி சுரக்கச் செய்ததை 2001இல் வெளியான மூளைப்பட ஆய்வு காட்டியது. ‘மனப்பிரமை’ என்ற தீர்ப்பு இச்சான்றுகளின் முன் நிற்காது.

உணர்வும் உறுப்பும் பிரியும் இடம்

இந்த ஆற்றலின் எல்லையை 2011இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. அதில் ஒவ்வொரு நோயாளியும் வெவ்வேறு நாள்களில் நான்கு நிலைகளுக்கு உட்பட்டார்: சால்புட்டமால் இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், சிகிச்சையே இல்லாமை. உண்மை மருந்தால் 50 விழுக்காடு முன்னேற்றம் தெரிந்ததாக நோயாளிகள் மதிப்பிட்டனர். போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46, சிகிச்சையின்மைக்கு 21 விழுக்காடு. நோயாளியின் வாய்மொழியை மட்டும் கேட்டால் மருந்துக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு நொடியில் வெளிவிடும் மூச்சின் அளவைக் கருவியால் பார்த்தபோது, உண்மை மருந்து 20 விழுக்காடு உயர்த்தியிருந்தது. மற்ற மூன்றும் ஏறத்தாழ 7 விழுக்காடுதான்.

நோயாளி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே இதமாக இருந்தது. மூச்சுக்குழல் மட்டும் இறுகியபடியே இருந்தது. இதமாக உணர்ந்துகொண்டே ஆபத்தில் இருக்க முடியும் என்பதுதான் இந்த ஆய்வு தரும் எச்சரிக்கை.

புற்றுநோயில் இந்த எல்லை இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், நோயாளியின் மனநிலைக்கும் அவர் உயிர்வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. மன உறுதி நோயாளியின் நாள்களைத் தாங்கக்கூடியவை ஆக்குகிறது, அதுவே பெரும்பேறு. ஆனால் ‘மனத்தைத் தளரவிட்டதால்தான் நோய் முற்றியது’ என்று சொல்வது சான்றற்ற பேச்சு மட்டுமன்று, கொடுமையும்கூட. ஏற்கெனவே நோயைச் சுமப்பவர் மேல் குற்றவுணர்வையும் அது ஏற்றிவைக்கிறது.

பழக்கம் என்னும் நீண்ட வழி

அப்படியென்றால் ஆயுளைத் தொடும் ஆற்றல் எண்ணத்துக்கு இல்லையா? உண்டு, அதன் வழி வேறு. மாரடைப்பு வந்த ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த ‘கொரோனரி டிரக் புராஜெக்ட்’ ஆய்வின் 1980ஆம் ஆண்டு முடிவு இங்கே முக்கியமானது. மருந்துப்போலி பெற்றவர்களில், கொடுத்ததில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் விழுங்கியவர்களுள் ஐந்தாண்டுகளில் இறந்தோர் 15.1 விழுக்காடு, ஒழுங்காக விழுங்காதவர்களுள் 28.2 விழுக்காடு. இரு பிரிவினரும் விழுங்கியது சத்தில்லாத மாத்திரையே. தொடக்கத்தில் பதிவான 40 கூறுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி மறையவில்லை. உடல் நலிந்தவர் மாத்திரையை விட்டிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. எனினும் 21 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான பகுப்பாய்விலும் இதே போக்கு தெரிந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் எடுப்பவர் உணவு, நடை, உறக்கம், மருத்துவரிடம் திரும்பப் போதல் ஆகியவற்றிலும் ஒழுங்காக இருப்பவர் என்பதே பொருத்தமான விளக்கம். அவரைக் காத்தது போலி மாத்திரையன்று. அதைச் சூழ்ந்திருந்த வாழ்க்கைமுறை.

எதிர்பார்ப்பு தீங்கும் செய்யும்; அதை நோசிபோ விளைவு என்பர். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திய 60 பேரிடம் நடந்த ‘சாம்சன்’ ஆய்வு 2020இல் வெளியானது. நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் மருந்துப்போலி, நான்கு மாதம் மாத்திரையே இல்லை. தொந்தரவின் அளவை நாள்தோறும் நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் பதிவுசெய்தனர். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8.0, மருந்துப்போலி மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. தொந்தரவு மெய், ஆனால் அதில் பெரும்பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்திலிருந்தே வந்தது. தம் முடிவுகளைக் கண்ட பின் அவர்களில் 30 பேர் ஸ்டாட்டினுக்குத் திரும்பினர். எண்ணம் இரத்தக்குழாயைத் தானாக அடைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் செய்தது. அந்த நிறுத்தம்தான் குழாயில் கொழுப்பு படிய இடம்கொடுக்கும்.

ஒரு மறுப்பு

1975இல் ஏடரும் கோஹனும் எலிகளிடம் நடத்திய சோதனையைச் சுட்டி, மனம் நோயெதிர்ப்பையே நேரடியாக மாற்றுகிறதே என்று கேட்கலாம். சாக்கரின் நீரையும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துப் பெற்ற எலிகளுக்குப் பிறகு சாக்கரின் மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்புரதம் குறைந்தது. இது மறுக்க முடியாத கண்டுபிடிப்பு. ஆயினும் அந்த எலிகளின் உடல் உண்மையான மருந்தைச் சந்தித்துக் கற்றிருந்தது. எதையும் சந்திக்காத வெறும் நல்லெண்ணம் அதைச் செய்யும் என்பதற்கு இச்சோதனை சான்றாகாது.

முடிவுரை

தமிழ்நாட்டில் ‘சுகர் மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும்’ என்ற பேச்சைக் கேளாத குடும்பம் அரிது. உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலிலிருந்து வாய்க்குப் போகும் தூரத்தைத் தீர்மானிப்பது நம்பிக்கைதான். எனவே நோயாளியின் அச்சத்தைக் கேட்டறிந்து விளக்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும். பக்கவிளைவை மறைக்காமல், அது எத்தனை பேருக்கு வரக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழக்கம் படியக் காலமும் தர வேண்டும். லண்டனில் 96 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வின்படி, ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நாம் சொல்லும் ஒரு மண்டலத்தைவிட அது நீளம். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தவறியவரைக் கடிந்துகொள்ளாமல் மறுநாளே தொடரச் சொல்வதற்கு இது போதிய ஆதாரம்.

ஆகவே நோயாளியிடம் ‘நல்லதையே நினையுங்கள்’ என்று சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. அவர் எதை அஞ்சி எதை நிறுத்தினார் என்று கேட்பதும், நல்ல எண்ணம் நாள்தோறும் செய்யும் செயலாக மாறத் துணைநிற்பதும் மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் உரிய பொறுப்பு.