ஈயமும் உணவும்

தமிழில் 'ஈயம்' என்னும் சொல் இரு வேறு உலோகங்களைக் குறித்து வழங்குகின்றது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். முன்னது பித்தளைக் கலங்களின் உட்பூச்சிற்குப் பயன்படுவது. பின்னதோ உணவிற் கலப்பின் நஞ்சாவது. நிறம் பற்றி வந்த அடைமொழி நீங்கின் நன்றும் தீதும் ஒரு பெயருள் அடங்கிவிடும். இப்பெயர் மயக்கம் தமிழுக்கே உரியதன்று. உரோமரும் 'பிளம்பம்' என்னும் ஒரு சொல்லாலேயே இரண்டினையும் சுட்டி, வெண்மை, கருமை என்னும் அடைகளால் வேறுபடுத்தினர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, இரண்டையும் சரிபாதி கலந்த கலவை ஒன்று வழங்கியதையும் தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலிற் குறித்துள்ளார்.

உரோமர் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிக் குறுக்கிப் பாகாக்கி மதுவிலும் உணவிலும் சேர்த்தனர். செப்புக் கலம் களிம்பேறிச் சுவையைக் கெடுக்கும்; ஆதலின் காரீயக் கலமே இதற்கு ஏற்றது என்பது கொலுமெல்லா என்னும் வேளாண் நூலாசிரியர் கருத்து. புளித்த சாற்றிற் காரீயம் கரைவதால் தோன்றும் உப்பு இனிப்புச் சுவை உடையது. நாவிற்கு இனித்தமையால் நஞ்சு ஐயத்திற்கு இடமாகவில்லை போலும். இவர்க்கு முற்பட்ட விட்ருவியசு என்னும் கட்டடக் கலை நூலார், ஈயத் தொழிலாளர் உடல் வெளிறியிருத்தலைச் சான்றாக்கி, ஈயக் குழாயினும் மட்குழாய் வழிவரும் நீரே நன்று என எழுதினார். அவ்வறிவு அடுக்களையை எட்டவில்லை என்பது கொலுமெல்லாவின் கூற்றாற் புலனாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியின் உல்ம் நகரில் மடத்துத் துறவியரைக் கொடிய வயிற்றுவலி வருத்தியது. மது அருந்தாத துறவியர் நோயின்றி இருந்ததை நகர மருத்துவர் எபர்ஹார்டு கோக்கல் கண்டார். புளித்த மதுவை இனிப்பாக்கும் பொருட்டு, சித்த மருத்துவர் மிருதாரசிங்கி என வழங்கும் ஈயப் பொருள் அதிற் சேர்க்கப்பட்டமை அவர் ஆராய்ச்சியால் வெளியாயிற்று. 1696-இல் வூர்ட்டம்பர்க்குக் கோமகன் இக்கலப்பினைத் தடைசெய்து, மீறுவோர்க்கு மரண தண்டனை விதித்தார்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும் ஆப்பிள் மது பருகியோர் வயிற்றுவலியும் கை முடக்கமும் உற்றனர். 1739-இல் இந்நோயை விரித்தெழுதிய ஜான் ஹக்ஸம், மதுவின் புளிப்பையே காரணமாகக் கொண்டார். ஆயின், டெவனிற் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767-இல், ஆப்பிள் மதுவிற்குப் பெயர்பெற்ற ஹெரிபோர்டுப் பகுதியில் இந்நோய் அரிதாயிருத்தலை எடுத்துக்காட்டினார். டெவன் ஆலைகளிலோ கற்களை இணைக்க ஈயம் வார்க்கப்பட்டிருந்தது. டெவன் மதுவை வேதி முறையிற் சோதித்து, அதன்கண் ஈயம் உண்மையையும் அவர் நிறுவினார். புளிப்பு நோய் செய்யவில்லை. அது கரைத்த ஈயமே நோய் செய்தது.

இற்றை நாளில் இவ்வுண்மை மேலும் விரிந்துள்ளது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு வாரத்திற்கு 25 மைக்ரோகிராம் ஈயம் என முன்னர் வகுத்த வரம்பினை, அது நலங்காக்கப் போதாது எனக் கண்டு, உணவுச் சேர்பொருள் பற்றிய பன்னாட்டு வல்லுநர் குழு 2010-இற் கைவிட்டது. தீங்கற்ற அளவு என ஒன்றும் அறியப்படவில்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு. உண்ட ஈயத்திற் பெரியோர் ஏற்பதினும் பெரும்பங்கினைக் குழந்தைகள் உடல் ஏற்கும். அதனால் அவர்தம் அறிவு வளர்ச்சி குன்றும். எலும்பிற் பல்லாண்டு தங்கும் ஈயம், தாய் கருவுற்ற காலத்துக் குருதியிற் கலந்து சேயையும் அடையும்.

நம் இல்லங்களில் இரசம் வைக்கும் ஈயச்சொம்பினை இவ்வரலாற்றோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். அது தூய வெள்ளீயத்தால் இயன்றதாதல் முறை. புளியும் வெப்பமும் கூடும் அக்கலத்தில் மலிவு கருதிக் காரீயம் கலக்கப்படின், டெவன் ஆலையில் நிகழ்ந்ததே நம் அடுப்பிலும் நிகழும். கலப்பினைக் கண்ணால் மட்டும் அறிதல் அரிது; ஆய்வுக்கூடச் சோதனையே உறுதி தரும். முன்னோர் வெள்ளீயம், காரீயம் எனப் பிரித்து வழங்கினர். கடையில் வெறும் 'ஈயம்' என்று கேட்டு வாங்குவோர் அப்பாகுபாட்டின் பயனை இழக்கின்றனர்.