எல்லைத் தமிழும் ஒரு நடிகனும்

சினிமா நடிகனைப் பற்றி எழுத நம்மிடையே இரண்டு பாணிகளே உண்டு: துதி அல்லது ஏளனம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டாவதைக் கைக்கொண்டு, அதையே விமர்சனம் என்று நம்பி வந்திருக்கிறோம். ரஜினிகாந்த் நடிக்க வந்து 2025-ல் ஐம்பது வருஷங்கள் முடிந்துவிட்டன. இரண்டு பாணிகளையும் ஒதுக்கிவிட்டு, இந்த நடிகர் தன் மொழியை என்ன செய்தார், அந்த மொழி இவரை என்ன செய்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

1950 டிசம்பர் 12-ல் பெங்களூரில் பிறந்த சிவாஜி ராவ் கெய்க்வாட்டுக்கு வீட்டில் மராத்தி, வெளியில் கன்னடம். தந்தைவழிப் பூர்வீகமாகச் சொல்லப்படுவது கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். பெங்களூர் நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை. 1973-ல் சென்னைத் திரைப்படக் கல்லூரி. 1975-ல் பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’. அடுத்த வருஷமே கன்னடத்தில் புட்டண்ணா கனகாலின் ‘கதா சங்கம’, தெலுங்கில் ‘அந்துலேனி கதா’. 1978-ல் பாலசந்தர் ஒரே கதையைத் தமிழில் ‘தப்புத் தாளங்கள்’ என்றும் கன்னடத்தில் ‘தப்பித தாள’ என்றும் எடுத்தபோது இரண்டிலும் இவரே நடித்தார். மூன்று மொழிகளில் பிழைப்புத் தேடிய ஒருவர் தமிழில் நிலைத்தார் என்பதுதான் ஆரம்ப கால வரலாறு.

இதில் அசாதாரணமானது எது? 1952-ன் ‘பராசக்தி’க்குப் பிறகு தமிழ் சினிமாவில் நடிப்பு என்பதே வசனம் சொல்லும் ஆற்றலாக இருந்தது. நாடகக் கம்பெனிகளில் பயின்ற குரல், வாக்கியத்தைக் கோபுரம்போல் எழுப்பி உச்சியில் நிறுத்தும். அந்தப் பயிற்சியோ, தாய்மொழி தரும் உரிமையோ இல்லாமல் வந்த ரஜினி, வாக்கியத்தை வேகமாகக் கடந்து, சொல்லின் கடைசியை விழுங்கி, மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் முடித்தார். இதைக் குறை என்றவர்கள் உண்டு. பிழை என்பது ஒற்றை மொழிக்காரர்களின் அளவுகோல்.

ஓசூரில் வங்கிக் கவுண்டருக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது விளங்கச் சிரமமில்லை. தெலுங்கில் விசாரித்து, தமிழில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் தினமும் வருகிறார்கள். சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்த பிறகு பல மாவட்டத்துத் தமிழும் இதோடு கலந்தது. இங்கே யாரும் மொழி தெரியாதவர் இல்லை. ஒரு மொழிக்குள் மட்டும் இருப்பவர்தான் குறைவு.

இந்த நாவின் உச்சம் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978). மின் திட்டம் ஒன்றில் விஞ்ச் இயக்கும் தொழிலாளி காளி. குறைந்த சொற்களும் மிகுந்த ரோஷமும் உள்ளவன். ஒரு கையை இழக்கிறான். தங்கை அண்ணனை மீறிக் கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பாதியில் திரும்பி அவனிடமே ஓடி வருகிறாள். அப்போது இஞ்சினியரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதை விட்டுக்கொடுக்காமலே சம்மதிக்கிறான். தமிழ் சினிமா அடைந்த மிக முதிர்ந்த கணங்களில் ஒன்று இது. படம் பெரும்பகுதி எடுக்கப்பட்டது கர்நாடகத்துச் சிருங்கேரியில். காளியின் தமிழுக்குப் பின்னால் நிற்பது கன்னட மலை என்பது எவருக்கும் உறுத்தவில்லை.

1980-ன் ‘முரட்டுக் காளை’ முதல் 1995-ன் ‘பாட்ஷா’, 1999-ன் ‘படையப்பா’ வரையிலான பாதையில் அந்த வேகம் ‘ஸ்டைல்’ என்ற முத்திரையாக இறுகியது. தயங்கிப் பிறந்த பேச்சு, திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய வாசகமாயிற்று. நட்சத்திரத்துக்கு ஒரு மண் தேவைப்பட்டது. பாட்டுக்குப் பாட்டு அந்த மண்ணுக்கு நன்றி சொல்லவேண்டி வந்தது. எல்லைக்காரர் தன் எல்லைத்தன்மையை இழந்தது இங்கேதான்.

எல்லை அவரை விடவில்லை. 2002-ல் காவிரிக்காகத் திரையுலகம் நெய்வேலி போனபோது, அவர் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். 2008-ல் ஒகேனக்கல் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. பல்லில் கறை, எலும்பில் வளைவு. அதற்கு மாற்றாக வந்த குடிநீர்த் திட்டத்தைக் கர்நாடகத்தில் எதிர்த்தார்கள். ஏப்ரலில் திரையுலகினரின் உண்ணாவிரத மேடையில் ரஜினி எதிர்ப்பாளர்களைக் கடுமையாகச் சாடினார். ‘குசேலன்’ வெளியாகும் நேரத்தில் கன்னட மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். படம் அங்கே ஓடியது. இங்கே வசை கிடைத்தது. 2018-ல் காவிரி பற்றிய கருத்துக்காகக் ‘காலா’வுக்கு மறுபடி அங்கே தடை என்றார்கள், விவகாரம் நீதிமன்றம்வரை போனது.

அவர் நேர்மையானவரா, வியாபாரியா என்ற வழக்கமான விவாதத்தில் எனக்கு ருசியில்லை. இரண்டு ஊர்ச் சந்தையும் வேண்டுமென்ற கணக்கு அதில் இருந்தது என்பது வெளிப்படை. ஆனால் கேள்வி அவரோடு நிற்கவில்லை. 1991-ல் பெங்களூரிலிருந்து தமிழர்கள் ஓடி வந்தபோதும், 2016-ல் பேருந்துகள் நின்று அத்திப்பள்ளியிலிருந்து மக்கள் மூட்டையோடு நடந்து வந்தபோதும், அதே கேள்விதான்: நீ யாருடைய ஆள்? ஒகேனக்கல் தண்ணீர் 2013-ல் வந்துவிட்டது. கேள்வி வற்றவில்லை.

திரையில் காளிக்கு ஒரு சலுகை இருந்தது. பிடிக்கவில்லை என்பதையும் சம்மதம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லலாம். கேட்பவர்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள். திரைக்கு வெளியே அவரை ஆக்கிய நடிகருக்கு அது கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.